இறாலுக்கு எதற்கு அரைமணி நேரம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், வேலை முடிந்து வந்த பிறகு சட்டென்று செய்யக்கூடிய அசைவம் பற்றிச் சொல்லும்போது "இறாலை வெண்ணெயில் பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். புரட்டாசி முடிந்த நேரம் வேறு, எல்லார் வீட்டிலும் மீன்கடை ஞாபகம் வந்திருக்கும். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்க வீட்டில் இறால் எடுத்தால் தொக்கு, இல்லாவிட்டால் குழம்பு. இரண்டுமே அடுப்பில் அரைமணி நேரமாவது இருக்கும். பத்து நிமிடத்தில் வெண்ணெயில் செய்வது எப்படி? அளவோடு சொல்லுங்கள்.
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

சொல்கிறேன். முதலில் ஒன்றை மனதில் வையுங்கள், பத்து நிமிடம் என்பது அடுப்பு நேரம் மட்டும். இறாலை உரித்துக் கழுவி, பூண்டு நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இறால் சட்டியில் கிடக்கும்போது பூண்டு உரிக்க உட்கார்ந்தால் அந்த இறால் கெட்டது.

நான்கு பேருக்கு உரித்த இறால் அரைக்கிலோ வேண்டும். தலையோடு வாங்குகிறீர்கள் என்றால் ஒரு கிலோ வாங்குங்கள், தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் தேறும். உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், அதாவது நான்கு மேசைக்கரண்டி. பூண்டு பெரிய பல்லாகப் பத்து, மெல்லிசாக அரிந்தது, நசுக்க வேண்டாம். வரமிளகாய் இரண்டு, விதையைத் தட்டிவிட்டுக் கிள்ளியது. ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை டீஸ்பூன். அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கால் டம்ளர் தண்ணீர். தண்ணீருக்குப் பதிலாக இறால் ஓட்டை வேகவைத்த சாறு இருந்தால் ரொம்ப நல்லது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கழுவிய இறாலைச் சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இந்த வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு போட்டால் சட்டியின் சூடு முழுக்க அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கே போய்விடும், இறால் வறுபடாது, தண்ணீரில் வெந்து சுருண்டு கிடக்கும். துடைத்த பிறகு அரை டீஸ்பூன் உப்பும், வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் பிசிறிக்கொள்ளுங்கள். ஈரோட்டு மஞ்சள் வீட்டில் அரைத்தது என்றால் சிட்டிகைக்கும் குறைவாகவே போடுங்கள், வெண்ணெய் வாசத்தை அது அமுக்கிவிடும்.

அகலமான சட்டி வையுங்கள், குழிவான வடச்சட்டி இதற்கு ஆகாது. அடுப்பைப் பெரிதாக வைத்து எண்ணெய் காய்ந்ததும் இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இடம் பற்றாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள், அவசரப்பட்டு ஒன்றாகக் கொட்ட வேண்டாம். ஒன்றரை நிமிடம் தொடாமல் விட்டுத் திருப்பிப் போட்டு, இன்னும் ஒரு நிமிடம் வைத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள். நடுவில் லேசாகக் கண்ணாடி மாதிரி தெரிகிறதே, இன்னும் வேகவில்லையே என்று தோன்றும். தோன்றட்டும், எடுங்கள். மறுபடியும் சட்டிக்குத்தான் வரப்போகிறது.

இப்போது அடுப்பைச் சின்னதாக்கி, வெண்ணெயில் ஒரு கரண்டியை மட்டும் போட்டுப் பூண்டையும் மிளகாயையும் சேருங்கள். பூண்டு வாசம் வந்தால் போதும், சிவக்கக் கூடாது. சிவந்த பூண்டு இந்தச் சாற்றில் கசக்கும். அதில் தண்ணீரையோ ஓட்டுச் சாற்றையோ ஊற்றி, சட்டியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி, பாதியாக வற்றவிடுங்கள். வற்றியதும் அடுப்பை சிம்மில் வைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மீதி வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று சுற்றில் அந்தத் தண்ணீர் கெட்டியாகி, பளபளவென்று பால்நிறத்துக்கு வரும். இறாலையும் தட்டில் வடிந்திருக்கும் சாற்றையும் சேர்த்து ஒரு அரை நிமிடம் புரட்டி, அடுப்பை அணைத்துவிட்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு, தழை. அவ்வளவுதான், உடனே சாப்பிட உட்காருங்கள்.

வெண்ணெய் முழுவதையும் முதலிலேயே போட்டுக் காய்ச்சக் கூடாதா என்று கேட்பீர்கள். வெண்ணெயில் எண்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கொழுப்பு, பதினாறு சதவீதம் போலத் தண்ணீர், மீதி பாலின் புரதமும் சர்க்கரையும். மிதமான சூட்டில் சுழற்றும்போது அந்தக் கொழுப்பு பொடிப்பொடித் துளியாகத் தண்ணீரில் கலந்து நிற்கிறது, அதனால்தான் மாவு எதுவும் போடாமலேயே கெட்டியான சாறு கிடைக்கிறது. பெரிய தீயில் கொதிக்கவிட்டால் கலப்பு உடைந்து நெய் தனியாக மேலே மிதக்கும். இறால் வறுபடும் அளவுக்குச் சட்டி காயும்போது வெண்ணெய் இருந்தால் அந்தப் பால்பொருள் கருகிக் கசக்கும். ஆகவே வறுக்க எண்ணெய், ருசிக்கு வெண்ணெய்.

நான் எப்போது செய்தாலும் இறால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, ஈரோடு*

நம் பக்கத்துப் பழக்கம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வெள்ளாட்டுக் கறியும் நாட்டுக்கோழியும் வேகவைத்து வேகவைத்துப் பழகிய கை நமக்கு. அந்தக் கறியில் தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் கெட்டியான சவ்வு கரைவதற்கு நேரம் வேண்டும், வேக வேகத்தான் மெத்தென்று ஆகும். இறாலில் அந்த மாதிரிச் சவ்வு மிகக் குறைவு. வெந்த பிறகு அடுப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் தசை இறுகி உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே தள்ளுகிறது. கறி வேகவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் விடலாம். இறால் இறுகிவிட்டால் திருப்ப வழியே இல்லை.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறாலின் மேல்தோலில் அஸ்டாசாந்தின் என்று ஒரு செந்நிறப் பொருள் ஒரு புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது, அதனால்தான் பச்சை இறால் சாம்பல் நிறமாக இருக்கிறது. சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு விட்டுச் சிவப்பு வெளியே வந்துவிடும். அது மேல்தோலில் நடப்பது, உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பார்க்க வேண்டிய இடம் தலைப்பக்கத்துத் தடித்த பகுதி. அங்கே கண்ணாடித்தன்மை போய் வெள்ளையானால் வெந்தது. உருவத்தையும் பாருங்கள், ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்தால் சரியான பதம், தலையும் வாலும் ஒட்டி ஓ மாதிரி ஆகிவிட்டால் கூடுதலாக வெந்துவிட்டது. சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு, உள்ளே 63 டிகிரி செல்சியஸ் போதும்.

இன்னொன்று, அடுப்பை அணைத்த பிறகும் சூடான இரும்புச் சட்டியிலேயே விட்டால் வெந்துகொண்டேதான் இருக்கும். வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

ஊத்துக்குளி வெண்ணெயில் செய்யலாமா? இல்லை, பாக்கெட் வெண்ணெய்தான் வேண்டுமா? நெய் ஊற்றினால் என்ன?
*வாசகர், திருப்பூர்*

திருப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! ஈரோட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஊர், அந்தப் பெயரைச் சொன்னாலே வெண்ணெய் என்று ஊர் உலகம் சொல்லும். தாராளமாக அதில் செய்யுங்கள். எனக்கு அதுதான் முதல் தேர்வு. தயிரைக் கடைந்து எடுக்கிற வெண்ணெயில் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும், இறாலின் இனிப்புக்கு அது அவ்வளவு பொருந்தும், எலுமிச்சையைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், எருமைப்பாலில் மஞ்சள் நிறம் தருகிற கரோட்டின் கிடையாது, அதனால் அந்த வெண்ணெய் வெள்ளையாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு கவனம் வேண்டும். கையால் எடுத்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, பிழிந்து, உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் துண்டாகப் போட வரும், சாறும் நீர்த்துப் போகாது. உப்பு போட்ட பாக்கெட் வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் அதிலும் செய்யலாம், இறாலில் பிசிறுகிற உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

நெய் வேண்டாம். நெய்யில் தண்ணீரும் இல்லை, பால்பொருளும் இல்லை, எவ்வளவு சுழற்றினாலும் சாறாகக் கூடி வராது, எண்ணெய் மாதிரி தனியாக நிற்கும். நெய்யில் வறுத்த இறால் ருசியாக இருக்கும்தான், ஆனால் அது வேறு பலகாரம். மார்ஜரினைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதற்கு இறால் வாங்கிய காசு வீண்.

கடலுக்கும் தாராபுரத்துக்கும் வெகுதூரம். எங்களுக்குக் கிடைக்கிற இறாலை நம்பி வாங்கலாமா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?
*வாசகி, தாராபுரம்*

நம்பி வாங்கலாம், ஆனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கொங்குப் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை. கோவை உக்கடம் மார்க்கெட்டுக்குக் கிழக்கே இருந்து ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் சரக்கும் வரும், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளச் சரக்கும் வரும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கேரளத்தில் இழுவைப் படகுத் தடை ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வருவது சில நாள்தான். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் வரும். அப்படியும் தடைக் காலத்தில் கடல் இறால் விலை ஏறித்தான் இருக்கும், அந்த மாதங்களில் வளர்ப்பு இறாலை வாங்குங்கள், அதற்குத் தடை ஏதும் கிடையாது.

வளர்ப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் நாம் பார்க்கிற வெளிர்நிற இறாலில் பெரும்பகுதி வனாமிதான். பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம் அது, 2009 முதல் நம் நாட்டில் பண்ணையில் வளர்க்க அனுமதி உண்டு, ஆந்திராவிலும் நம் நாகைப் பக்கத்திலும் நிறைய வளர்க்கிறார்கள். குளத்தில் பிடித்ததும் ஐஸில் போட்டு வருவதால் பல நேரம் கடல் இறாலைவிடப் புதுசாகவே கிடைக்கும். ஓடு மெல்லிசு, சீக்கிரம் வேகும், வெண்ணெய்ச் சாற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ருசி என்று பார்த்தால் நல்ல கடல் இறாலுக்கு ஒரு படி கீழேதான், அதை மறைக்க மாட்டேன். கறுப்புப் பட்டை போட்ட பெரிய டைகர் இறால் கிடைத்தால் விடாதீர்கள், ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் கூடுதலாக வையுங்கள், அவ்வளவுதான்.

கடையில் பார்க்க வேண்டியவை: முதலில் மோப்பம். நல்ல இறாலில் கடல் வாசம் லேசாக வரும், அம்மோனியா நெடி, அதாவது கழிவறை நெடி மாதிரி மூக்கில் ஏறினால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். தலை உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், தொட்டதும் கழன்று தொங்கினால் பழசு. உடம்பு விறைப்பாக, ஓடு பளபளப்பாக இருக்க வேண்டும், கையில் வழவழவென்று ஒட்டக் கூடாது. தலையிலும் ஓட்டின் ஓரத்திலும் கறுப்பு படர்ந்திருப்பது அதன் உடம்பிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை. அதனால் விஷம் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் பிடித்து நேரமாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

உரித்து வைத்த இறாலை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தலையும் ஓடும் இல்லாமல் மேலே சொன்னதில் பாதியைப் பார்க்கவே முடியாது. கூலி கொடுத்தாலும் கண் எதிரே உரித்து வாங்குங்கள், ஓட்டையும் தலையையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அளவு என்றால் கிலோவுக்கு நாற்பது, ஐம்பது நிற்கிறது போதும். பொடி இறால் இந்தச் சமையலுக்கு ஆகாது, சட்டியில் போட்டு எடுப்பதற்குள் இறுகிவிடும், அதைத் தொக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தென்னைக்கு உரமாகத்தான் போடுகிறோம்.
*வாசகர், பொள்ளாச்சி*

தென்னைக்குப் போடுங்கள், ஆனால் அதிலிருக்கும் ருசியை எடுத்த பிறகு போடுங்கள்! ஒரு கரண்டி எண்ணெயில் ஓடு, தலை எல்லாவற்றையும் போட்டு நன்றாகச் சிவக்கும்வரை வதக்குங்கள், தலையைக் கரண்டியால் அழுத்தி விடுங்கள். இறாலின் உண்மையான ருசி தலைக்குள்தான் இருக்கிறது. இரண்டு டம்ளர் தண்ணீரும் நான்கு மிளகும் ஒரு சின்ன வெங்காயமும் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்ததும் வடிகட்டிவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். அதைக் கால் டம்ளராக வற்றவைத்து வெண்ணெய்ச் சாற்றுக்கு ஊற்றினால், தண்ணீர் ஊற்றிச் செய்ததற்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசத்தை வீட்டில் யாரிடமும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. மீதியை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். தலை கறுத்திருந்தால் மட்டும் தலையை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் போடுங்கள்.

நீங்களே இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் ஆகுமா என்று. ஆகும், கொதிக்கவிடாமல் கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்குங்கள். பூண்டைக் குறைத்து இஞ்சி சேர்க்க வேண்டும்.

கோழிக்கு ஊறவைப்பது போல எலுமிச்சையும் தயிரும் பிசிறி ஒரு மணி நேரம் வைக்கிறேன். சரிதானே?
*வாசகி, பெருந்துறை*

சரியில்லைங்க. இறால் மாமிசம் அந்த அளவு புளிப்பைத் தாங்காது. ஒரு மணி நேரத்தில் எலுமிச்சைச் சாறே அதன் மேல்பகுதியை அடுப்பில்லாமல் வெந்தது போல வெளுக்கவைத்துவிடும், அப்புறம் அடுப்பில் போட்டால் மேலே மாவு மாதிரி, உள்ளே கட்டி மாதிரி ஆகும். உப்பு மட்டும் பதினைந்து நிமிடம். புளிப்பெல்லாம் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

ஹோட்டலில் சாப்பிடும் பட்டர் கார்லிக் இறால் கடித்தால் நறுக்கென்று இருக்கிறது, சாறும் கெட்டியாக இருக்கிறது. வீட்டில் அப்படி வருவதில்லையே. க்ரீம் சேர்க்கிறார்களா?
*கல்லூரி மாணவி, கோவை*

பெரும்பாலும் க்ரீம் இல்லை கண்ணு, சோளமாவு. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் கெட்டியாகவே நிற்கும், வெண்ணெய் குறைவாகப் போட்டாலும் தெரியாது. வீட்டில் நான்கு பேருக்குச் செய்யும்போது அந்தக் குறுக்குவழி தேவையே இல்லை, மாவு போட்ட சாறு நாக்கில் பூசினாற்போல் ஒட்டும், இறால் ருசி பின்னுக்குப் போய்விடும். க்ரீமும் சீஸும் அதே மாதிரிதான். நல்ல இறால் வாங்கிவிட்டு அதை ஏன் மூட வேண்டும்?

நறுக்கென்று இருப்பதற்கு ஒரு வழி உண்டு, அதை வீட்டிலும் செய்யலாம். அரைக்கிலோ உரித்த இறாலுக்கு அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் பிசிறி, ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைத்து, லேசாக அலசி, துடைத்துவிட்டு வறுங்கள். சோடாவின் காரத்தன்மையால் இறாலின் தசை தன் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கடித்தால் திடமாகவும் சாறோடும் இருக்கும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும். எனக்கென்னவோ, அன்று வந்த புது இறாலுக்கு இது தேவைப்படுவதில்லை, ஃப்ரீசர் இறாலுக்குத்தான் நன்றாக உதவுகிறது.

ஃப்ரீசர் பாக்கெட்டை அப்படியே சுடுதண்ணீரில் போட்டு இளக்கலாமா?
*வாசகி, உடுமலை*

வேண்டாம். சுடுதண்ணீர் பட்டால் மேலே வேகத் தொடங்கிவிடும், உள்ளே ஐஸ்கட்டியாகவே இருக்கும். முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் எடுத்து வையுங்கள். மறந்துவிட்டால், தண்ணீர் புகாத கவரில் கட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும். இளகியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அப்புறம், பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையில் மேலே பூசிய ஐஸும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், ஐஸ் நீக்கிய எடையைத் தனியாக அச்சடித்திருப்பார்கள். இளகிய இறாலில் ஈரம் நிறைய இருக்கும், இரண்டு தடவை துணியில் ஒற்றுங்கள்.

முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பை எடுத்தே ஆக வேண்டுமா?
*வாசகர், அவிநாசி*

அது நரம்பில்லை, குடல். பெரிய இறாலில் மண் நறநறக்கும், கட்டாயம் எடுங்கள். முதுகில் கத்தியால் லேசாகக் கீறினால் ஊசிமுனையிலேயே வந்துவிடும். ஆழமாக வெட்டிவிடாதீர்கள், பிளந்த இறால் இன்னும் சீக்கிரம் வெந்து போகும்.

எங்க ஊர் வழியில் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுக் கோழி செய்கிறோம். அதே மாதிரி இறால் செய்து வெண்ணெய் சேர்த்தால் பொருந்துமா?
*வாசகி, பள்ளிபாளையம்*

பொருந்தும், எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. மசாலாத்தூள் எதுவும் இல்லாமல் மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய் என்று மூன்றே பொருளை நம்பி நிற்கிற சமையல் உங்கள் ஊருடையது, இறாலுக்கு அந்தச் சிக்கனம்தான் வேண்டும். ஆனால் கோழிக்குச் செய்கிற வரிசையை மாற்ற வேண்டும். கோழி அந்த வெங்காயத்தோடு சேர்ந்தே வேகும், இறாலுக்கு அது ஆகாது. விதை நீக்கிய வரமிளகாயையும் நிறைய சின்ன வெங்காயத்தையும் எண்ணெயில் நிதானமாக வதக்கி, மெல்லிசாகச் சீவிய தேங்காய்ச் சில்லையும் கறிவேப்பிலையையும் போட்டு, அது முழுக்க முடிந்து வாசம் தூக்கின பிறகு தீயைப் பெரிதாக்கி, துடைத்த இறாலைப் போட்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். அணைத்துவிட்டு ஒரே ஒரு கரண்டி குளிர்ந்த வெண்ணெய். எலுமிச்சை வேண்டாம், சின்ன வெங்காயத்தின் இனிப்பு போதும். பூண்டும் வேண்டாம்.

காவிரியில் பிடித்த ஆற்று இறால் கிடைக்கிறது. இதே முறையில் செய்யலாமா?
*வாசகர், பவானி*

செய்யலாம், அன்றைக்கே செய்ய வேண்டும். ஆற்று இறாலின் தலையில் இருக்கும் செரிமானச் சுரப்பு, உயிர் போன பிறகு சீக்கிரமே உடம்புத் தசையைக் கரைத்துக் குழையவைத்துவிடும். வாங்கி வந்ததும் தலையைக் கிள்ளி எடுத்து, கழுவி ஐஸில் வையுங்கள். மாமிசம் கடல் இறாலைவிட மெத்தென்று, இனிப்பாக இருக்கும். உப்பு கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். ஆற்றுப் பொருள் என்பதால் நடுவில் கண்ணாடித்தன்மை கொஞ்சமும் இல்லாமல் முழுசாக வெந்ததா என்று பார்த்துவிட்டுப் பரிமாறுங்கள்.

வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. இறாலும் வெண்ணெயும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்?
*வாசகி, கரூர்*

அவருடைய அளவுகளைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது இது: இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம்தான், நூறு கிராமில் இருநூறு மில்லிகிராமுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் நிறைகொழுப்பு மிகக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் நிறைகொழுப்புக்குத்தான் பங்கு கூடுதல். அப்படிப் பார்த்தால் இந்தச் சமையலில் கவனிக்க வேண்டியது வெண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில் ஏழு கிராம் போல நிறைகொழுப்பு இருக்கிறது. அவருக்கு மட்டும் இறாலைக் கடலை எண்ணெயில் வறுத்து, பூண்டும் ஓட்டுச் சாறும் எலுமிச்சையும் விட்டு, வெண்ணெய் ஒரு டீஸ்பூனோடு நிறுத்தி எடுத்து வையுங்கள். மருத்துவர் வெண்ணெயே கூடாது என்றிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஓட்டுச் சாறு நன்றாக இருந்தால் ருசி பெரிதாகக் குறையாது.

சென்ற முறை இறால் சாப்பிட்டதும் குழந்தைக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. நன்றாக வேகவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
*வாசகி, நாமக்கல்*

சரியாகாது, தயவுசெய்து கொடுக்காதீர்கள். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமையோசின் என்ற புரதம் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. அடுத்த முறை மூச்சுத்திணறல் வரைக்கும் போகலாம். ஒவ்வாமை பார்க்கிற மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், அவர் சொல்லும்வரை நண்டும் கொடுக்க வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்குச் செய்தால் அதே சட்டியையும் கரண்டியையும் கழுவாமல் குழந்தையின் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள், எண்ணெயும் தனியாக இருக்கட்டும்.

இதற்குத் தொட்டுக்கொள்ள, அதாவது இதை எதனோடு சாப்பிடுவது? சோற்றில் பிசைந்தால் பிடிக்குமா?
*வாசகி, சத்தியமங்கலம்*

சந்தகை! இடியாப்பம் மாதிரி இழை இழையாக வருமே, அதுதான். புழுங்கலரிசிச் சந்தகையைச் சூடாகப் பிழிந்து, தட்டில் போட்டு, மேலே இறாலோடு சாற்றை ஊற்றுங்கள். அந்த இழைகள் வெண்ணெய்ச் சாற்றை உறிஞ்சிக்கொள்கிற அழகுக்காகவே நான் இதைச் செய்வேன். வழக்கமாகத் தேங்காய்ப்பாலோடும் கறிக்குழம்போடும் சாப்பிடுகிற வீட்டில் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், இரண்டாவது தட்டு கேட்பார்கள். நேரமில்லாத நாளில் பேக்கரியில் வெட்டாத பிரட் வாங்கி, தடியாக அறுத்து, அதே சட்டியில் ஒரு புரட்டு புரட்டி எடுத்துச் சாற்றைத் துடைத்துச் சாப்பிடலாம். சூடான வெள்ளைச் சோறும் சரிதான், சாறு கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தோடு வேண்டாம், அதற்கென்று தனி மணம் இருக்கிறது, இரண்டும் முட்டிக்கொள்ளும். பரோட்டாவோடு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார், ஏற்கெனவே எண்ணெயில் ஊறியதற்கு மேல் வெண்ணெய் என்றால் திகட்டிவிடும் தம்பி, சப்பாத்தியாக்கிக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல் அறையில் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே ஒரு நான்ஸ்டிக் சட்டியும்தான் இருக்கிறது. முடியுமா?
*இளைஞர், சேலம்*

முடியும். ஒரு ஆளுக்கு நூற்றைம்பது கிராம் உரித்த இறால், ஒன்றரைக் கரண்டி வெண்ணெய். வெறும் நான்ஸ்டிக் சட்டியைப் பெரிய சூட்டில் காயவிடாதீர்கள், மேல்பூச்சு கெட்டுவிடும், எண்ணெய் விட்ட பிறகே சூட்டை ஏற்றுங்கள். இண்டக்‌ஷனில் சூட்டைக் குறைத்தால் உடனே குறையும், வெண்ணெய் சேர்க்கும் கட்டத்துக்கு அது கேஸ் அடுப்பைவிட நல்லது.

மீந்துபோனால் மறுநாள் சுடவைக்கலாமா?
*வாசகி, திருச்செங்கோடு*

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் சாப்பிடலாம், ஆனால் இறாலோடு சேர்த்துச் சுடவைத்தால் இறுகிவிடும், சாறும் திரிந்து நெய்யாகப் பிரியும். இறாலைத் தனியாக எடுத்துவிட்டு, உறைந்த சாற்றைச் சட்டியில் உருக்கி, அதில் பழைய சோற்றைப் போட்டு நன்றாகச் சூடேறக் கிளறுங்கள். ஆவி பறக்கும்போது அடுப்பை அணைத்து, இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மூடி வைத்து இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் சோற்றின் சூட்டிலேயே இறால் சூடாகியிருக்கும். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கடுத்த நாளைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.